மேசையில் சொன்னதும் வராந்தாவில் சொன்னதும்

இந்த வழக்கை எந்தக் கோர்ட்டிலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் உங்களிடம் கொண்டுவருகிறேன். கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

வாணியம்பாடியில் தோல் தொழிற்சாலை வைத்திருப்பவர் முனவ்வர் பாய். அவரிடம் தோல் வாங்க இத்தாலியிலிருந்து புரூனோ என்பவர் வந்தார். அவருக்குத் தாய்மொழியைத் தவிர வேறெதுவும் வராது. பாய்க்கோ வியாபாரம் என்றால் உருதுதான். "நடுவுல இங்கிலீஷ் வேணாம்ப்பா, போன தடவை பட்டதே போதும்" என்றுவிட்டார். இரண்டு பாஷையும் தெரிந்த ஆளைச் சென்னையில் மொழிபெயர்ப்பாளர்களை அனுப்பும் ஒரு நிறுவனம் இரண்டு மாதம் சல்லடை போட்டுத் தேடியது. அகப்பட்டவள் ஷகுப்தா ஒருத்திதான்.

புருஷனோடு பதினெட்டு வருஷம் இத்தாலியில் குடித்தனம் நடத்தியவள். அவர் போய்ச் சேர்ந்ததும் ஊருக்குத் திரும்பினாள். பிள்ளைகள் கிடையாது. புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டதெல்லாம் அந்த ஊர்ப் பாஷையில்தான். நாலு வருஷமாக அதில் ஒரு வார்த்தை பேச ஆளில்லை. சமைக்கும்போது அடுப்பிடம் பேசுவாள், பாவம்!

நிறுவனம் அவளிடம் இரண்டு வாக்கு வாங்கியிருந்தது. மேசையில் யார் எதைப் பேசினாலும் ஒன்று விடாமல் மற்றவருக்குச் சொல்ல வேண்டும். மேசைக்கு வெளியே காதில் விழுந்தது வாயைத் தாண்டக் கூடாது.

பேச்சுவார்த்தைக்கு நடுவே பாய் விருந்து வைத்தார். மொழிபெயர்க்கிறவர் விருந்தில் சேர்ந்து சாப்பிட முடியாது. வாயில் சோறு இருந்தால் பேச்சு நின்றுபோகும் அல்லவா? எல்லோரும் எழுந்த பிறகு, பிரியாணித் தட்டோடு வராந்தாவில் தனியே உட்கார்ந்தாள். புரூனோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அவள் இருந்த ஊர், அவள் வீட்டுக்காரர் என்று விசாரித்தார். அவளைப் பற்றி ஒருவர் கேட்டு எத்தனை காலமாயிற்று! பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "இந்தக் கோடையோடு எங்கள் கம்பெனியை மூடுகிறார்கள். அதுவரை மூச்சு விடக்கூடாது என்று முதலாளி உத்தரவு. என் மனைவிக்குக்கூடத் தெரியாது."

மறுபடி மேசைக்கு வந்தார்கள். பாய் கேட்டார்: "மூணு வருஷம் சரக்கு எடுப்பீங்களா? நீங்க சரின்னா, நாற்பது பொம்பளைங்க இப்ப பார்க்கிற வேலையை இன்னிக்கே விட்டுட்டு என்கிட்ட வர்றாங்க."

ஷகுப்தா இதைச் சொன்னதும், அவள் முகத்தைப் பார்க்காமலே, "நிச்சயம் எடுப்போம்" என்றார் புரூனோ.

அதையும் அப்படியே உருதுவில் சொன்னாள். ஆனால் மனசு கேட்கவில்லை. புரூனோ பக்கம் திரும்பி, அவர் பாஷையிலேயே கேட்டாள்: "அப்படியானால் வராந்தாவில் என்னிடம் சொன்னது?"

"அவர்கிட்ட என்னம்மா கேட்டே?" என்றார் பாய்.

மேசையில் பேசியதை மறைக்கக் கூடாதே! கேட்டதை அப்படியே சொன்னாள்.

"வராந்தாவுல என்ன சொன்னார்?"

"அது மேசையில் பேசினதில்லை பாய். நான் சொல்லக் கூடாது."

புரூனோ தலையைக் குனிந்துகொண்டார். பாய் பேனாவை மூடினார். ஒப்பந்தம் அத்தோடு நின்றது. புரூனோ அவளிடம் விடைகூடப் பெறாமல் காரில் ஏறினார். நிறுவனம் அவள் பெயரை அடித்துவிட்டது. இனி யாரும் அவளைக் கூப்பிடப் போவதில்லை.

இப்போது சொல்லுங்கள்: ஷகுப்தா வாக்கைக் காத்தாளா, கெடுத்தாளா? அவள் செய்தது சரியா?

என் தீர்ப்பு இது. அவள் வாக்குத் தவறினாள், சப்பைக்கட்டு வேண்டாம். ரகசியத்தைச் சொல்லாவிட்டாலும், ஒன்று இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தாள். புரூனோ மனம்விட்டுப் பேசியது குற்றமில்லை. பேசிய ஒரு மணி நேரத்தில் அவள் வாயாலேயே பொய் சொல்ல வைத்தாரே, அது குற்றம். அவள் சும்மா இருந்திருந்தால் வாக்கு பிழைத்திருக்கும், நாற்பது குடும்பம் தெருவில் நின்றிருக்கும். ஆகவே வாக்குத் தவறியவள் செய்ததே சரி. அந்த நாற்பது பேரில் ஒருத்திக்கும் அவள் பெயர் தெரியாது.