மூவர் சவுண்ட் சர்வீஸும் பத்து வினாடியும்

பூவாளங்குடியில் சிங்காரவேலு, தைரியநாதன், மாசிலாமணி என்று மூன்று பேர் கூட்டாக சவுண்ட் சர்வீஸ் நடத்தினார்கள். மூவரும் கையெழுத்துப் போட்டுச் சம்மதிக்காமல் ஒரு ஒயரைக்கூடச் சொருகக் கூடாது என்று பத்திரம் எழுதி வைத்திருந்தார்கள். இதனால் அவர்களுக்குள் சண்டையே வந்ததில்லை. பாட்டும் பெரும்பாலும் வந்ததில்லை.

இந்த மகானுபாவர்களைத்தான் கோதண்டம் தன் பெண்ணின் கல்யாண வரவேற்புக்கு அமர்த்தியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் தொட்டதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறவர்கள். மண்டப வாசலில் கால் வைக்கும்போது பாட்டு முழங்காவிட்டால் அப்படியே வேனைத் திருப்பிவிடுவார்கள். பாவம், மனிதர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் அலைந்துகொண்டிருந்தார்.

நம்மவர்களோ, நல்ல முகூர்த்த நாளாச்சே என்று அன்றைக்கே பாட்டுப் போடும் கணினியில் இரண்டாவது ஆபரேட்டிங் சிஸ்டம் போட ஆரம்பித்தார்கள். அதற்கென்று தனியாக ஒரு புது ஹார்டு டிஸ்க். டவுன் மெக்கானிக் போனில் வழி சொன்னார்.

"பாட்டெல்லாம் பழைய டிஸ்க்லதான் இருக்கு. அதைக் கழட்டித் தள்ளி வச்சுட்டு, புதுசுல ஏத்துங்க. இல்லேன்னா கை தவறி அதையும் அழிச்சிடுவீங்க."

"தள்ளின்னா எவ்வளவு தள்ளி?" என்றார் சிங்காரவேலு.

"பக்கத்து ரூம் போதாது. கை எவ்வளவு தூரம் தவறும்னு யாருக்குத் தெரியும்?" என்றார் தைரியநாதன்.

ஒரு மணி நேரம் யோசித்து, நோட்டில் தீர்மானம் எழுதி மூவரும் கையெழுத்திட்டார்கள். மாசிலாமணி பழைய டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு திருச்சி பஸ் ஏறினார். எங்கே இறங்குவது என்று தீர்மானத்தில் எழுதவில்லை. அதனால் கண்டக்டர் இறக்கிவிடும்வரை போனார். திரும்பி மண்டபம் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை. மற்ற இருவரும் அதற்குள் புதியதில் ஏற்றி முடித்திருந்தார்கள்.

இரண்டு டிஸ்க்கையும் மாட்டிக் கணினியை ஆன் செய்தார்கள். திரையில் 'பழையது', 'புதியது' என்று இரண்டு பெயர். கீழே பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணிக்கை இறங்கியது. அதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்காவிட்டால் புதியதே திறந்துகொள்ளும். அதில் ஒரு பாட்டும் கிடையாது.

"பழசைத்தானே திறக்கணும்?" என்றார் சிங்காரவேலு.

"அதுல சந்தேகமே இல்லை. ஆனா வந்த அன்னைக்கே ஒதுக்கினா, புதுசு மனசு என்ன பாடுபடும்?" என்றார் தைரியநாதன்.

"பேசி முடிவு பண்ணுவோம். நோட்டை எடு," என்றார் மாசிலாமணி.

புதியது திறந்துகொண்டது.

அணைத்துவிட்டு மறுபடி போட்டார்கள். இந்தத் தடவை தீர்மானத்தை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. ஆனால் பொத்தானை யார் அழுத்துவது என்று அதில் இல்லை. "நீங்க அழுத்துங்க", "பரவாயில்லை, நீங்களே அழுத்துங்க" என்று ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டிருக்கையில் மறுபடியும் புதியது திறந்துகொண்டது.

வாசலில் வேன் ஹாரன் கேட்டது. கோதண்டம் விழுந்தடித்து ஓடிவந்தார். கணினியைத் தானே அணைத்துப் போட்டு, பழையதைத் திறந்து, முதலில் கண்ணில் பட்ட பாட்டைத் தட்டினார். மண்டபம் அதிர நாதஸ்வரம் முழங்கியது. மனிதருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"எங்க மூணு பேர்ல ஒருத்தர் சம்மதம்கூட இல்லாம பாடுது. இது செல்லாது," என்றார் சிங்காரவேலு.

மூவரும் நோட்டில் கையெழுத்திட்டு, பிளக்கைப் பிடுங்கி, முறைப்படி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

பாதியில் நின்ற பாட்டைக் கேட்டு, சம்பந்தி கனகசபை மீசை துடிக்க உள்ளே வந்தார். கோதண்டம் கைகூப்பி நடந்ததையெல்லாம் சொன்னார். கேட்கக் கேட்கச் சம்பந்தியின் முகம் சிவந்தது.

"பழசா புதுசான்னு நீங்களே பேசி, நீங்களே கையெழுத்தும் போட்டுட்டீங்க. மாப்பிள்ளை வீட்ல ஒரு வார்த்தை கேட்டீங்களாய்யா?"

மூவரும் வெட்கித் தலைகுனிந்தார்கள். உடனே நாற்காலிகள் வந்தன. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பதினோரு பேர் வேனிலிருந்து இறங்கி வந்து கணினியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

"மொத்தமே பத்து வினாடிதானா? ஆளுக்கு ஒரு வினாடி பேசினாலும் எங்க ஆள் ஒருத்தருக்கு இடமில்லையே. இந்தப் பதினோரு பேர்ல யாரைய்யா அவமானப்படுத்தப் பாக்குறீங்க?"