படகுக்குக் கொடுத்த உப்பு

உமையாள் அம்மை எப்போதும் பழைய ஓலைகளைத்தான் வாசித்துக்கொண்டிருப்பாள். எந்த வருஷம் நெல் என்ன விலை, எந்தத் துறையில் என்ன வரி, எந்தப் பஞ்சத்தில் யார் ஊரைவிட்டுப் போனார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருந்தன. அவளுடைய சீடர் சுடலையாண்டிக்கு அவளைவிட இருபது வயது கூடுதல். முன்பு கழுதைகளில் உப்புப் பொதி ஏற்றிப் போனவர். ஓலைகள்மேல் அவருக்குப் பிடிப்பு வரவே இல்லை.

அன்று காலை அவர் முகம் சரியில்லை.

"அம்மா, இன்னையிலேருந்து பாலத்துல பொதிக்கு ரெண்டு மரக்கால் உப்பு எடுக்கப்போறாங்களாம். ஒண்ணு கொடுக்கவே மூச்சு வாங்குது. கழுதைகளை வித்துட்டு ஊரைவிட்டே போறேங்கிறான் மருமகன். மகளும் பேரப்பிள்ளைகளும் கூடவே போயிடும்."

"அந்த ஒரு மரக்கால் எதுக்குண்ணே?"

"பாலத்தைத் தாண்டத்தான். எங்க தாத்தா காலத்துலேருந்து கொடுக்கிறோம்."

அவள் ஓலைக்கட்டை அவிழ்த்தாள். அவருக்குக் கோபம் வந்தது.

"செத்த காலத்துல என்னம்மா இருக்கு? எனக்கு இன்னைக்கு அடுப்பு எரியணும்."

அவள் ஓர் ஓலையை உருவி வாசித்தாள். ஒரு வெள்ளத்தில் துறைப்படகு அடித்துக்கொண்டு போய்விட்டது. உப்புக்காரர்கள் கூடிப் பேசி, புதுப் படகுக்கும் ஓடக்காரன் சோற்றுக்கும் பொதிக்கு ஒரு மரக்கால் தர ஒப்புக்கொண்டார்கள். படகு ஓடும் நாள்வரை.

"பாலம்?"

"அறுபது வருஷம் கழிச்சு வந்தது. ஊர்க்காரங்க கூலியில்லாமக் கல் சுமந்து கட்டினது. அது அடுத்த ஓலை." கட்டை மடியில் செருகிக்கொண்டு எழுந்தாள். "மருமகனை விடுங்க. கழுதையை நாம ஓட்டிட்டுப் போவோம்."

பாலத்து முனையில் சுங்கக்காரர் மரக்காலோடு நின்றார். அம்மை மறுக்காமல் இரண்டு மரக்கால் உப்பை அளக்கவிட்டாள். சுடலையாண்டி அவளைத் திரும்பிப் பார்த்தார். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?

அவள் பாலத்தில் ஏறவில்லை. கழுதையைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி, தண்ணீர் ஓரம் போய் உட்கார்ந்தாள்.

"அங்கே என்னம்மா, குளிக்கவா?" என்றார் சுங்கக்காரர்.

"படகுக்குக் காத்திருக்கேன்."

"படகா? கண்ணு முன்னால பாலம் இருக்கே, தெரியலையா?"

"தெரியுதுங்க. ஆனா உப்பு படகுக்குல்ல கொடுத்தேன்?" ஓலையை உரக்க வாசித்தாள்.

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒருவர் அளந்து கொடுத்துவிட்டு அவரும் இறங்கினார். உச்சி வெயிலுக்குள் முப்பது கழுதைகள் தண்ணீர் ஓரம் நின்றன. பாலம் வெறிச்சோடிக் கிடந்தது. அக்கரையில் மீன்காரிகள் உப்பில்லாமல் மீன் நாறுகிறது என்று சுங்கக்காரரை வைத சத்தம் இக்கரை வரை கேட்டது.

அவர் இறங்கி வந்தார். "அந்த ஓலையெல்லாம் அந்தக் காலம்மா. ஏறிப் போய்த் தொலைங்க."

"பாலத்துக்கு நாங்க ஒண்ணும் கொடுக்கலையே ஐயா."

"கொடுக்க வேண்டாம், போங்க."

சுடலையாண்டி எழுந்தார். கழுதையோடு சரிவேறிப் போய், சுங்க உப்புக் குவியலிலிருந்து இரண்டு மரக்கால் அளந்து மருமகனின் பொதியில் கொட்டினார்.

"யோவ், என்ன பண்றே?"

"நீங்கதானே கொடுக்க வேண்டாம்னீங்க."

மற்றவர்களும் குவியலைச் சுற்றி நின்றார்கள்.

"நாளைக்கு அதிகாரி வருவார்" என்றார் சுங்கக்காரர்.

"வரட்டும்," என்றாள் அம்மை. "வரும்போது படகோட வரச் சொல்லுங்க."

பாலத்தின் நடுவில் சுடலையாண்டி நின்றார். காலுக்குக் கீழே இருந்த கல்லைப் பார்த்தார்.

"செத்த காலம்னு சொல்லிட்டேன்மா."

"செத்துத்தான் போச்சுண்ணே. அதோட கை மட்டும் இத்தனை நாள் உங்க மருமகன் பொதிக்குள்ள இருந்தது."