பாறைக்குளம் விலக்கில் ஒரு கை

"அம்மா, ஒரு வீடியோவைப் பாத்ததும் வீட்டுல சும்மா கிடந்த மனுசன் செருப்பை மாட்டிக்கிட்டு ரோட்டுக்கு வந்து உக்காருதானே, அவனை எது கிளப்பி விடுது?" என்று ஐயம்பெருமாள் கேட்டார்.

அவர் ஐம்பதைத் தாண்டியவர். கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பது தொழில். பதில் சொல்ல வேண்டிய பொன்னுத்தாய்க்கு அவருடைய மகள் வயது. குன்றின் அடியில் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தார். ஊர் அதை மடம் என்றது, பொன்னுத்தாய் வீடு என்றார். வயதைப் பார்த்துக் குருவைத் தேடுகிற ஆள் இல்லை ஐயம்பெருமாள்.

பொன்னுத்தாய் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"எந்த வீடியோ அண்ணாச்சி?"

"நம்ம விலக்கு வீடியோதாம்மா."

பெரிய சாலையிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற பாறைக்குளம் விலக்கில் டவுன் பஸ் நிற்பதில்லை. பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று ஆன பிறகு, பெண்கள் மட்டும் நிற்கிற நிறுத்தம் வந்தால் சில டிரைவர்களுக்கு பிரேக் எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோகிறது. ஒருநாள் காலை ஐயம்பெருமாள் அதைச் செல்போனில் எடுத்தார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. உடனே கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பி, அதிகாரிகளை வாங்கு வாங்கென்று வாங்கினார். அது லட்சக்கணக்கான பேரிடம் போய்ச் சேர்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை விலக்கில் திருவிழாக் கூட்டம். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வந்து சாலையில் உட்கார்ந்தார்கள். ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து, இனி எல்லா பஸ்ஸும் நிற்கும் என்று வாக்குக் கொடுத்தார்.

நின்றது. கொஞ்ச நாள். பிறகு பழையபடி பறந்தது.

ஐயம்பெருமாள் விடுவாரா? இரண்டாவது வீடியோ எடுத்தார். ட்ரோன் பறக்கவிட்டார். நெஞ்சை உருக்கும் புல்லாங்குழல் சேர்த்தார். முதல் வீடியோவில் உளறிய இடங்களை எல்லாம் திருத்தி, இந்த முறை எழுதி வைத்துப் பேசினார்.

"நாலே பேர் வந்தாங்கம்மா. அதுல ரெண்டு பேர் டீ குடிக்க வந்தவங்க."

பொன்னுத்தாய் சிரித்துவிட்டார்.

"என்கிட்ட ஏன் கேக்கீங்க? மொத வாட்டி வந்தவங்ககிட்டயே கேளுங்களேன். எதுக்கு வந்தீங்கன்னு."

ஐயம்பெருமாளுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. கூட்டத்தில் பழக்கமானவர்கள் சிலரைத் தேடிப் போய்க் கேட்டார். தன் பேச்சைப் பற்றிச் சொல்வார்கள் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. யாருக்குத்தான் இருக்காது?

"பேச்சா? அது வரைக்கும் நான் பாக்கலையே அண்ணாச்சி" என்றார் பெயிண்ட் கடைக்காரர். "அந்தக் கைதான் மனசுல நின்னுட்டு."

"எந்தக் கை?"

கடைக்காரர் தன் போனை எடுத்துக் காட்டினார். படத்தின் ஓரத்தில் ஒரு பெண். பஸ்ஸைப் பார்த்ததும் கையை நீட்டுகிறாள். பஸ் கடந்து போகிறது. நீட்டிய கை கொஞ்சம் அந்தரத்தில் நிற்கிறது. பிறகு, தலைமுடியை ஒதுக்கத்தான் அவ்வளவு நேரம் தூக்கி வைத்திருந்த மாதிரி, மெதுவாகக் காதோரம் போகிறது. எடுத்தவர் ஐயம்பெருமாள்தான். அதை அவர் பார்த்ததே இல்லை.

"பணக்கார மச்சினன் வந்தான்னு கல்யாண வீட்டுல கை குடுக்கப் போனேன். கண்டுக்காமப் போயிட்டான். நானும் இப்படித்தான் மீசையைத் தடவிக்கிட்டேன்" என்றார் கடைக்காரர்.

ஒரு கல்லூரிப் பெண் சொன்னாள்: "கிளாஸ்ல நான் கை தூக்கினா மேடம் அடுத்த பெஞ்சைப் பாப்பாங்க. நான் கிளிப்பைச் சரி பண்ணிக்கிடுவேன்."

கடைசியாகப் பார்த்த ஆள் சேர்மக்கனி. அதே தடத்தில் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர். அவரும் கூட்டத்தோடு கூட்டமாக வந்து உட்கார்ந்திருந்தார். ஐயம்பெருமாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"இந்த விலக்குல எத்தனை தடவை 'போலாம் ரைட்'டுன்னு விசில் ஊதியிருப்பேன்" என்றார் சேர்மக்கனி. "பஸ்ஸுக்குள்ள இருந்து பாத்தா நீட்டுன கைதான் தெரியும். நாங்க போன பொறவு அந்தக் கை என்ன ஆகுதுன்னு தெரியாது. அன்னைக்குத்தான் பாத்தேன்."

"இப்ப உங்க பஸ் நிக்குதா?"

சேர்மக்கனி தரையைப் பார்த்தார். "டிரைவர் ஒருத்தரு இருக்காருல்லா" என்றார்.

ஐயம்பெருமாள் குன்றடிக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். கேட்டதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"ரகசியம் பிடிபட்டுட்டும்மா. மூணாவது வீடியோவுல அந்தக் கையை மட்டும் பெருசாக் காட்டப் போறேன்."

"அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"

"எந்தப் பொண்ணு?"

"கைக்குச் சொந்தக்காரி."

அவள் பேர்கூட அவருக்குத் தெரியாது.

விலக்கில் விசாரித்தார். அவள் பேர் செண்பகவல்லி. டவுனில் தையல் கம்பெனியில் வேலை. நேரம் தப்பினால் கேட்டை அடைத்துவிடுவார்கள், அன்றைய கூலி போச்சு. வீட்டு வாசலில் அவரைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"நீங்கதானா அது?"

"ஆமாம்மா. உன் கையாலதான் அவ்வளவு கூட்டம் வந்துது."

"வந்துது. அதுக்கப்புறம் கம்பெனியில எல்லாரும் என்னை மாதிரி முடியை ஒதுக்கிக் காட்டிச் சிரிக்காவ. சும்மா கேலிக்குத்தான். ஆனா எனக்கு இப்ப பஸ்ஸுக்குக் கை நீட்ட வரமாட்டேங்கு அண்ணாச்சி. பின்னால தள்ளி நிக்கேன். வேற யாராச்சும் நீட்டி பஸ் நின்னா ஓடிப் போய் ஏறுதேன். இந்த மாசம் பாதி நாள் கேட்டோட திரும்பிட்டேன். இனிமே வர வேண்டாம்னு சொல்லிருவாங்களோன்னு பயமா இருக்கு."

ஐயம்பெருமாள் நேரே குன்றடிக்குத் திரும்பினார். கூசிக் குறுகிப் போய் பொன்னுத்தாய் முன் உட்கார்ந்தார்.

"அந்த வீடியோவை அழிச்சிருதேன்மா."

"அழிச்சா அவ கை நீட்டுவாளா?"

"மாட்டா."

"அப்போ இருக்கட்டும். அவ பஸ் காலையில எத்தனை மணிக்கு?"

"எட்டே காலுக்கு. ஏம்மா?"

"நானும் டவுனுக்குப் போயி ரொம்ப நாளாச்சு" என்றார் பொன்னுத்தாய்.

மறுநாள் விலக்கில் வழக்கமான பெண்கள் நின்றார்கள். செண்பகவல்லி அவர்களுக்கும் பின்னால், புளியமரத்தை ஒட்டி நின்றாள். பொன்னுத்தாய் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றார். பஸ் வளைவில் தெரிந்தது. முன்னால் நின்றவர்கள் கை நீட்டினார்கள். பொன்னுத்தாயும் நீட்டினார். பழக்க தோஷம், கூட வந்து ஓரமாக நின்ற ஐயம்பெருமாள் போனைத் தூக்கிப் பிடித்தார்.

பஸ் வந்தது. வேகம் குறையவில்லை. எல்லார் மேலும் புழுதியை இறைத்துவிட்டுப் போனது.

ஒரு கை கூந்தலுக்குப் போனது. ஒன்று பையின் வாரைச் சரிசெய்தது. ஒன்று முந்தானையை இழுத்துவிட்டது. பொன்னுத்தாயின் கை மட்டும் நீட்டியது நீட்டியபடி இருந்தது.

தூரத்தில் பஸ்ஸின் பின்படியில் ஒரு தலை வெளியே நீண்டு திரும்பிப் பார்த்தது. சேர்மக்கனி மாதிரிதான் இருந்தது.

"பஸ் போயிட்டும்மா" என்றார் ஐயம்பெருமாள்.

"பாத்தேன்."

"கையை இறக்கலையா?"

"விட்டுட்டுப் போனது அவங்க. நான் எதுக்கு அண்ணாச்சி இறக்கணும்?"

புளியமரத்தடியில் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. செண்பகவல்லி முன்னால் வந்து பொன்னுத்தாயின் பக்கத்தில் நின்றாள். காலிச் சாலையைப் பார்த்தாள், அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையை நீட்டினாள்.

ஐயம்பெருமாளின் போன் இன்னும் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அதை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். நீட்டுவதற்கு அவருக்கும் ஒரு கை தேவைப்பட்டது.