மூன்றாம் மாடிக் குடும்பம்

மருக்காலங்குளத்துக்காரர்களுக்கு எதையும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. முதல் முறை சொன்னதை அப்படியே செய்துவிடுவார்கள். அதுதான் தொல்லை.

அந்த ஊரிலிருந்து தளவாய், பால்வண்ணம், இசக்கி என்று மூன்று பேர் சென்னைக்கு வந்து வேளச்சேரியில் ஒரு மரச்சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். மூத்தவன் தளவாய், ஆகவே யோசிக்கும் பொறுப்பு அவனுக்கு. பால்வண்ணத்துக்குச் சமைக்கத் தெரியும். இசக்கி எல்லாருக்கும் இளையவன்.

தங்க இடமில்லாமல், கடையில் விற்பனைக்குப் போட்டிருந்த கட்டில்களிலேயே படுத்துக்கொண்டார்கள். ஒருநாள் காலையில் கட்டில் வாங்க வந்த புதுப்பெண் ஒருத்தி மெத்தையின் தரம் பார்க்கப் போர்வையை விலக்கினாள். உள்ளே இசக்கி இருந்தான். அவள் போட்ட கூச்சலில் வியாபாரம் போயிற்று.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வீடு பாருங்க. இல்லேன்னா ஊருக்கே போயிடுங்க" என்றார் முதலாளி.

மூவரும் தெருத்தெருவாக நடந்து, ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் நின்று, நன்றாகப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"பார்த்தாச்சா?" என்று கேட்டார் முதலாளி.

"பார்த்தாச்சு சார். எல்லாமே நல்லா இருக்கு" என்றான் தளவாய்.

கதவைத் தட்டி வாடகைக்குக் கேட்க வேண்டும் என்பதைப் பிறகு முதலாளிதான் விளக்கினார். கேட்டார்கள். கல்யாணம் ஆகாத ஆண்களுக்கு வீடு இல்லை என்று எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். கடைசியாக வேதவல்லி அம்மாள் என்பவர்தான் மனம் இரங்கினார். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் அவர் இருந்தார். அதற்கு நேர் மேலே இருந்த வீட்டைத் தருவதாகச் சொல்லி, சாவியைக் கையில் கொடுத்தார்.

"வலது காலை எடுத்து வெச்சு உள்ளே போங்கப்பா" என்றார்.

மூவரும் வாசலில் நின்று யோசித்தார்கள்.

"இடது காலைப் பத்தி அம்மா ஒண்ணும் சொல்லலியே அண்ணாச்சி?" என்றான் இசக்கி.

"சொல்லாத காலை வைக்கப்படாது" என்று தளவாய் தீர்ப்புச் சொன்னான்.

இடது காலைக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டியடித்தபடி உள்ளே போனார்கள். நொண்டியடித்தே பால் காய்ச்சினார்கள். நொண்டியடித்தே பெட்டிகளை நகர்த்தினார்கள். கீழே வேதவல்லி அம்மாளின் மின்விசிறி தாறுமாறாக ஆடியது. சாப்பாட்டுத் தட்டில் சுண்ணாம்பு உதிர்ந்ததும் அவர் எழுந்து மேலே வந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"வலது காலை வச்சிருக்கோம்மா" என்றான் பால்வண்ணம், மூச்சு வாங்க. "இடது காலை எப்ப வைக்கலாம்?"

"இப்பவே வைங்க" என்றார் வேதவல்லி அம்மாள். வைத்தார்கள்.

அவருக்கு அப்போதே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். படியிறங்கப் போனவர் திரும்பி நின்றார். "இதோ பாருங்க, பேச்சுலர்ஸ் மாதிரி கூத்தடிக்கிறது இங்க நடக்காது. ஒரு குடும்பம் மாதிரி இருக்கணும். இல்லேன்னா அன்னைக்கே காலி பண்ணிடணும்."

மூவரும் உடனே கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசனை நடத்தினார்கள்.

"குடும்பம்னா யாரெல்லாம் வேணும்?" என்று கேட்டான் இசக்கி.

"புருஷன் வேணும். மூத்தவன்கிறதால அது நான்" என்றான் தளவாய்.

"பொஞ்சாதி?"

"இங்க யாரு சமைக்கா?"

பால்வண்ணம் சட்டென்று கரண்டியைக் கீழே வைத்தான். அதற்குள் இருவரும் பார்த்துவிட்டார்கள்.

"அப்ப நான்தான் பிள்ளையா?" என்றான் இசக்கி, ஆசையோடு.

"பிள்ளைன்னா பள்ளிக்கூடத்துல சேக்கணும்லே. இந்த வருஷத்து அட்மிஷன் முடிஞ்சுபோச்சு. நீ மாமியார்."

"மாமியாருக்கு மீசை இருக்கலாமா அண்ணாச்சி?"

"எங்க பெரியம்மைக்கு இருக்கு."



இசக்கி முதலில் கூச்சப்பட்டான். பிறகு அந்த வேலை அவனுக்குக் கைவந்துவிட்டது. சாம்பாரில் உப்பில்லை என்றான். காப்பி ஆறிப்போயிற்று என்றான். "எங்க வீட்டுல இப்படியா பருப்பு வேகவைப்போம்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டான். பால்வண்ணம் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்துப் பதில் சொன்னான். தளவாய் இரண்டு பக்கமும் பேசாமல் பேப்பர் படித்தான். குடும்பம் ஒழுங்காக நடக்கிறது என்று அவனுக்கு ஒரே திருப்தி.

ஒரு சாயங்காலம் ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு இசக்கி, "உங்க வீட்டுல என்னதான் சொல்லிக் குடுத்து அனுப்புனாகளோ" என்றான்.

அவ்வளவுதான். பால்வண்ணம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அழுதபடி படியிறங்கினான். "எங்க அம்மை வீட்டுக்கே போறேன். என்னைப் பேசும்போது நீங்க ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்று தளவாயைப் பார்த்துக் கத்தினான். தளவாய் பேப்பரோடு பின்னாலேயே ஓடினான்.

இரண்டாம் மாடியில் வேதவல்லி அம்மாள் வழிமறித்தார். "என்ன கூச்சல் இது? நான் என்ன சொல்லி வீடு கொடுத்தேன்?"

"நீங்க சொன்ன மாதிரிதாம்மா இருக்கோம்" என்று தளவாய் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னான். அம்மாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தனிக்குடித்தனம் வச்சாத்தான் திரும்பி வருவேன்" என்றான் பால்வண்ணம்.

தளவாய் தலையைச் சொறிந்தான். "அம்மா, உங்களுக்குத் தெரிஞ்சு இங்க வேற வீடு காலியா இருக்கா? எங்க ரெண்டு பேருக்கு மட்டும்..."

மேலே படியில் இசக்கி வந்து நின்றான். "போங்க, மகராசனாப் போங்க. நான் ஒரு வாய்க் கஞ்சியைக் குடிச்சுக்கிட்டு ஒரு மூலையில கிடந்துட்டுப் போறேன்."

வீட்டைக் காலி பண்ணுங்கள் என்று சொல்லத்தான் வேதவல்லி அம்மாள் வாயைத் திறந்திருந்தார். இதைக் கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டது.

"என் மருமகளும் இப்படித்தான் என் பிள்ளையைப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போனா" என்றார். "வயசானவங்களைத் தனியா விட்டுட்டு எங்கேப்பா கிளம்பிட்டீங்க? வேற வீடெல்லாம் கிடையாது. பெட்டியோட மேலே போங்க!"

இசக்கிக்கு வயது இருபத்து மூன்று. அவன் மூக்கை உறிஞ்சினான். அம்மாள் அவன் கையைப் பிடித்து, காற்றாட உட்கார்ந்தால் மனசு ஆறும் என்று கீழே அழைத்துப் போனார்.

காலி பண்ணும் பேச்சு அதன்பிறகு எழவில்லை. மாலையானால் அந்தக் குடியிருப்பின் மாமியார்களெல்லாம் கீழே சிமெண்டு பெஞ்சில் கூடுகிறார்கள். நடுவில் இசக்கி உட்கார்ந்து ரசத்தைப் பற்றிப் பேச, மற்றவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். மருமகள்கள் மொட்டை மாடியில் கூடுகிறார்கள். போன வாரம் பால்வண்ணத்தை ஏகமனதாகத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

தளவாய் மற்ற கணவர்களோடு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை.