முப்பத்தொன்பது மணிகள்

கிட்ட வாங்க கண்ணுகளா. பின்னால் இருக்கிறவர்களும் நெருங்கி உட்காருங்கள், என் குரல் அவ்வளவு தூரம் வராது. பாதியில் எழுந்து போகாமல் இருந்தால் ஒரு முழுக்கதை தருகிறேன்.

முன்னொரு காலத்தில் ஒரு ஆறு. இந்தக் கரையில் ஒரு ராஜா, அந்தக் கரையில் ஒரு ராஜா. இரண்டு நாட்டிலும் சாப்பாட்டுக்கே திண்டாட்டம். ஆனால் நம் இக்கரை ராஜா தேவபூபதிக்கு இருந்தது ஒரே கவலைதான். அக்கரையானை விட ஒரு யானையாவது தன் படையில் கூடுதலாக நிற்க வேண்டும்.

படையில் ஒரு யானை சேர்ந்தால் கோட்டை வாசலில் ஒரு வெண்கல மணி கட்டுவது இரு கரைக்கும் வழக்கம். எதிரி பார்த்துப் பயப்பட வேண்டுமாம். இங்கே மூன்று மணி தொங்கினால் அங்கே நாலு. அதைப் பார்த்து இங்கே ஐந்து. இப்படியே பன்னிரண்டு வருஷம் ஓடி, இங்கே முப்பத்தொன்பது, அங்கே நாற்பது. சண்டை வந்ததா என்று கேட்கிறீர்களா? ஒரு நாள்கூட வரவில்லை. யானைகள் தின்றன, தூங்கின, லத்தி போட்டன. அவ்வளவுதான்.

தீனி எங்கிருந்து வரும்? ஏரி மராமத்துக்கென்று ஊர் ஊராக அளந்து கொடுத்த நெல் இருந்ததே, அதுதான் யானை வயிற்றுக்குள் போனது.

கருவேலங்குளத்து ஏரிக்கரை உடைந்து ஏழு வருஷம். அந்த ஊர் வேலாத்தாள் வருஷம் தவறாமல் சபைக்கு வந்து முறையிடுவாள். அந்த ஆவணியிலும் வந்தாள்.

"சாமி, இந்த மழைத் தண்ணியும் நிக்காம ஓடிப்போச்சுன்னா நாங்க ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிருவோம். மிச்சமே பதினெட்டு வீடுதான்."

"அடுத்த வருஷம் கவனிக்கலாம், தாயே," என்றார் ராஜா.

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

சபையில் விகடகவியாக இருந்த குப்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அடுத்த தடவை ஒரு தும்பிக்கை வைத்துக்கொண்டு வாருங்கள். உடனே நெல் கிடைக்கும்," என்றான்.

சேனாதிபதி வலங்கைராயருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. இதுதான் சமயம் என்று எழுந்தார். "மன்னா, படையைப் பரிகசிக்கும் இவர் தம் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டட்டும். ஐப்பசி பிறப்பதற்குள், காசு செலவில்லாமல், அக்கரையை விட நம் வாசலில் ஒரு மணி கூடுதலாகத் தொங்க வேண்டும். இல்லையேல் நாட்டை விட்டுப் போகட்டும்."

ராஜாவுக்கு அது பிடித்துவிட்டது. "சம்மதமா, குப்பாண்டியாரே?"

"சம்மதம், மன்னா. அதுவரை கோட்டை வாசலும் யானைக் கொட்டாரமும் என் சொல்படி நடக்க வேண்டும்."

மறுநாள் காலையில் குப்பாண்டி ஏணி போட்டு ஏறினான். மூன்று மணியை விட்டுவிட்டு முப்பத்தாறையும் கழற்றி இறக்கினான். முப்பத்தாறு யானையையும் பாகர்களோடு கருவேலங்குளத்துக்கு அனுப்பினான். ஏரிக்குள் மண்டிக் கிடந்த நாணலைத் தின்றுகொண்டே அவை மரம் இழுத்தன, கரையில் கொட்டிய மண்ணை மிதித்து இறுக்கின. பதினெட்டு வீட்டாரும் கூடைகூடையாக மண் சுமந்தார்கள்.

ராஜா தலையில் கை வைத்துக்கொண்டார். "கூட்டச் சொன்னால் கழற்றுகிறீரே, ஐயா. வாசல் மொட்டையாக நிற்கிறது."

"இன்னும் நாள் இருக்கிறது, மன்னா."

அக்கரையில் என்ன நடந்தது தெரியுமா? அந்த ராஜா காலையில் எழுந்து மணிகளை எண்ணினார். மூன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். மூன்றேதான். அங்கேயும் தீனி போட்டு அலுத்துப்போயிருந்த மந்திரி சொன்னார்: "அரசே, அவர்களை விட ஒன்று கூடுதல் என்பதுதானே நம் கணக்கு? மூன்றுக்கு நாலு போதுமே." அங்கேயும் முப்பத்தாறு மணி இறங்கியது. யானைகள் மரம் தூக்கக் காட்டுக்குப் போயின.

ஐப்பசிக்கு முதல் நாள், குப்பாண்டி இரண்டு மணியோடு ஏணியில் ஏறிக் கட்டிவிட்டு இறங்கினான்.

"எண்ணிப் பாருங்கள், மன்னா. அங்கே நாலு, இங்கே ஐந்து."

சேனாதிபதி சீறினார். "இது ஏமாற்று. நாளையே அவன் ஆறு கட்டுவான்."

"கட்டட்டும். நாம் மறுபடி மூன்றாக்கிவிடுவோம். ஏணி இங்கேயேதான் இருக்கிறது."

"படையெடுத்து வந்தால்?"

"நாலு யானையோடுதான் வருவார், மற்றவை காட்டில் மரம் தூக்குகின்றன. நம்முடைய முப்பத்தொன்பதும் சுகமாக இருக்கின்றன, சேனாதிபதியாரே. முன்பு நின்றுகொண்டே தின்றன. இப்போது வேலை செய்துவிட்டுத் தின்கின்றன."

ராஜா விரல் விட்டு ஒரு முறை எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் முகம் வாடிவிட்டது.

"பன்னிரண்டு வருஷம், குப்பாண்டியாரே. ஒருவராவது என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னார்கள், மன்னா. வருஷம் ஒரு தடவை வந்து நின்று சொன்னார்கள்."

ராஜா கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். குப்பாண்டி அதை வாங்காமல், ஏரி நெல் இனி ஏரிக்கே போக வேண்டும் என்றும், இறக்கிய மணிகளில் ஒன்று தனக்கு வேண்டும் என்றும் கேட்டான். இரண்டும் கிடைத்தன.

அந்த மணியை வேலாத்தாள் மதகுக்கு மேலே கட்டினாள். ஐப்பசியில் ஒன்பது நாள் விடாத மழை. கரை அசையவில்லை. பத்தாம் நாள் ஏரி நிரம்பிவிட்டதென்று அவள் மணியை ஆட்டினாள். ஊரை விட்டுப் போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள்.

சரி, எழுந்திருங்கள், வீட்டில் தேடுவார்கள். நீங்கள் அளந்து கொடுத்தது உங்களுக்கே திரும்பி வரட்டும். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல், குடம் வற்றாமல், பிள்ளைகுட்டிகளோடு நிறைவாக இருங்கள் கண்ணுகளா.