வேர்வையைப் பார்த்துச் சிரித்த வாலில்லாக் குரங்கு

ஒரு காட்டின் ஓரத்தில் ஒரே ஒரு பலாமரம் இருந்தது. கருவாயன் என்ற வாலில்லாக் குரங்கின் குடும்பம் அதன் பழங்களைத் தின்றுதான் கோடையைத் தள்ளியது. அந்த வருஷம் மாகாளி என்ற தேனெடுப்பவன் மரத்தடியில் குடிசை போட்டு, மரம் தனக்கு வேண்டும் என்றான்.

அந்தக் காட்டில் வழக்கு என்றால் உடம்புப் போட்டிதான். தீர்ப்புச் சொல்வது கரடி.

முதல் போட்டி மரம் ஏறுவது. மாகாளி பாதி மரம் ஏறுவதற்குள் கருவாயன் உச்சியில் உட்கார்ந்து பழம் தின்று, கொட்டைகளை அவன் தலையில் போட்டுக்கொண்டிருந்தது. அடுத்தது கொடி இழுப்பது. ஒரே இழுப்பில் மாகாளி முட்புதரில் போய் விழுந்தான்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னது அதன் மனைவி செம்பி. ஆனால் வேடிக்கை பார்க்கப் பறவைகள் வேறு கூடிவிட்டன. கருவாயனுக்கு நிறுத்த மனம் வரவில்லை.

“பாவம், உனக்குப் பல்லும் போதாது, நகமும் போதாது. உனக்குத் தோதான போட்டி ஒன்றைச் சொல்லப்பா. அதில் ஜெயித்தால் மரமே உனக்கு.”

யோசித்துத்தான் பேசுகிறாயா என்று கரடி இரண்டு தடவை கேட்டது. கருவாயன் மார்பில் தட்டிக்கொண்டது.

மாகாளி முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னான்: “அந்தப் பாறை மேட்டைச் சுற்றி நடப்போம். முதலில் உட்காருகிறவர் தோற்றவர்.”

நடப்பதெல்லாம் ஒரு போட்டியா என்று சிரித்தது கருவாயன். உச்சி வெயிலில் கிளம்பினார்கள். முதல் சுற்றில் அது முன்னால் ஓடிக் குட்டிக்கரணம் போட்டது. இரண்டாவது சுற்றில் மாகாளி வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தான்.

“என்னப்பா, நடக்கும்போதே ஒழுகுகிறாய்? நீ என்ன ஓட்டைப் பானையா?”

மாகாளி நெற்றியை வழித்து உதறினான். நடந்தான்.

நாலாவது சுற்றில் கருவாயனின் அடர்ந்த ரோமத்துக்குள் உடம்பு உலையாகக் கொதித்தது. இரண்டு காலில் நடந்தால் இடுப்பு வலித்தது; கையை ஊன்றினால் பாறை சுட்டது. மாகாளியின் ஈர உடம்போ காற்றுப் பட்டுக் குளிர்ந்தது. அவன் அதே நடை நடந்தான்.

ஆறாவது சுற்றில் ஒரு புதரின் நிழல் தெரிந்தது. கண் இமைக்கும் நேரம்தானே என்று நினைத்தது கருவாயன்.

“உட்கார்ந்தாச்சு,” என்றது கரடி.

“உட்காரவில்லை கரடியாரே, குனிந்து முள் எடுக்கிறேன்.”

“சரி, எடுத்துவிட்டு எழுந்திரு.”

எழுந்திருக்க முடியவில்லை. செம்பி குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு, வேறு மரம் தேடி மேட்டின் அந்தப் பக்கம் இறங்கிப் போனது.

பிறரிடம் குறை என்று நாம் சிரிப்பது எதுவோ, அதுவே அவர்களுடைய பலமாக இருக்கக்கூடும்.