இடப்பக்கம் காட்டாத முயல்கள்

கடல் உள்ளே வந்து போன பிறகு, தாழங்காட்டு முயல்களுக்கு ஒரு மணல்மேடுதான் மிஞ்சியது. வளைகளை எல்லாம் உப்புச்சேறு மூடிவிட்டது. புதிதாகத் தோண்டினால் தண்ணீர் ஊறியது. மூக்காயி என்ற முயல் தன் குட்டிகளை ஈரமணலில் போட்டு, வயிற்றால் மூடிக்கொண்டு கிடந்தாள். கடைக்குட்டிக்கு இருமல். வடக்கே மறுபடியும் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

அந்தி நேரத்தில் குருவம்மா வந்தாள். அவளும் தாழங்காட்டு முயல்தான். ஆனால் இப்போதெல்லாம் அவள்மேல் முயல் வாசனை அடிப்பதில்லை. மணல்மேட்டுக்கு எதிரே சிறுத்தை இருக்கும் பாறையின் வாசனை அடித்தது.

"என்ன மூக்காயி, மழை வரப்போகுது. பிள்ளைங்களை எங்க வைக்கப்போற?"

"அதான் தெரியலக்கா."

"பாறைக்குப் பின்னால காய்ஞ்ச வளை இருக்கு. சிறுத்தை ஐயா தர்றேங்கறாரு."

"சும்மாவா?"

"உனக்குக் குண்டிக்காய், அதான் சிறுநீரகம், எத்தனை?"

"ரெண்டு."

"ஒண்ணு வேலை செய்யுது, இன்னொண்ணு தூங்குது. தூங்குறதைத்தான் கேக்கறாரு. அவருக்கு ரெண்டும் கெட்டுப்போச்சு, பாவம். நம்மளது சின்னது பாரு, ரொம்ப நாள் தாங்க மாட்டேங்குது."

சிறுத்தை இப்போது யாரையும் அடித்துத் தின்பதில்லை. பாறைமேல் உட்கார்ந்து, "விருப்பமிருந்தால் வாங்க, அம்மா" என்று மெதுவாகச் சொல்லும். அந்தக் குரலைக் கேட்டால்தான் மூக்காயிக்கு முதுகுமயிர் சிலிர்க்கும். பாய்ந்து வந்தால் ஓடலாம். மரியாதையாகக் கூப்பிடுகிறவரிடமிருந்து எப்படி ஓடுவது?

"ஆம்பிளைங்களைக் கேக்க மாட்டாரா?"

"அவங்க ஓடியாடி இரை தேடணும்ல. உடம்பு முழுசா இருக்க வேணாமா?"

பக்கத்தில் படுத்திருந்த மூக்காயியின் புருஷன் இருளப்பன் காதை ஆட்டினான். "போயிட்டு வா. பிள்ளைங்களை நான் பாத்துக்கறேன்," என்றான். கண்ணைத் திறக்கவில்லை.

கடைக்குட்டி இருமியது. மூக்காயி எழுந்துவிட்டாள்.

தாழங்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தியோடு வழி நடக்கும் முன் அவளுடைய இரண்டு விலாவையும் நக்கிக்கொடுக்க வேண்டும். வழியில் பிரிந்துபோனால் அதுதான் அடையாளம். கடல் வந்து போனதிலிருந்து மேட்டில் இருந்த பெண் முயல்கள் யாரும் இடப்பக்கத்தைக் காட்டுவதில்லை. குளிருக்காக ஒருக்களித்துக் கிடக்கிறார்கள் என்றே மூக்காயி நினைத்திருந்தாள்.

பழக்கத்தில் அவள் குருவம்மாவின் இடது விலாவில் நாக்கை வைத்தாள்.

"அங்க வேணாம்," என்று குருவம்மா துள்ளி விலகினாள்.

அதற்குள் நாக்குக்குத் தெரிந்துவிட்டது. அங்கே மயிர் இல்லை. தோல் ஒரு கோடாகச் சுருங்கியிருந்தது. கோட்டுக்கு அடியில் பள்ளம்.

"நீயும் குடுத்தியாக்கா?"

குருவம்மா இடது விலாவை மணலோடு அழுத்தி உட்கார்ந்தாள்.

"அப்ப உன் வளை எங்க?"

குருவம்மா பாறைப் பக்கம் பார்த்தாள். "இன்னொருத்தியைக் கூட்டிட்டு வந்தா தர்றேன்னாரு. கூட்டிட்டுப் போனேன். இன்னும் ஒருத்தின்னாரு."

மூக்காயி மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். பெண் முயல்கள் எல்லோரும் ஒரே பக்கமாகப் படுத்திருந்தார்கள். காற்று திசை மாறியும் ஒருத்திகூடப் புரளவில்லை. அவள் அருகில் கிடந்த சடச்சியிடம் போனாள்.

"கொஞ்சம் புரண்டு படுடி."

"குளிருது, போடி."

"புரண்டு படுடி சடச்சி."

சடச்சி புரண்டாள். அதே கோடு. "யார்கிட்டயும் சொல்லிடாதடி. நான் ஒருத்திதான் ஏமாந்துட்டேன்," என்று அழுதாள்.

அடுத்தவள் தலையைத் தூக்கினாள். "நீயுமா?"

மேடு முழுக்க ஒவ்வொருத்தியாகப் புரண்டு படுத்தார்கள். எத்தனை விலாக்கள், எல்லாவற்றிலும் ஒரே கோடு. வளை கிடைத்தவள் ஒருத்தியும் இல்லை. இருளப்பன் எழுந்து உட்கார்ந்தான். அவனை யாரும் பார்க்கவில்லை.

பாறையிலிருந்து குரல் வந்தது. "அம்மா, யாராவது கிளம்பிட்டீங்களா?"

"யாரும் வரல," என்றாள் மூக்காயி.

குருவம்மா மூக்காயியை ஒட்டி வந்தாள். "நீ வராட்டி, மிச்சமிருக்கிற ஒண்ணை என்கிட்ட கேப்பாருடி."

"என்னைக் கூட்டிட்டுப் போனப்ப இனிச்சுதுல்ல. இப்ப நீயே போ," என்றாள் சடச்சி.

குருவம்மா பாறையை நோக்கி ஓரடி வைத்தாள். மூக்காயி அவள் கழுத்து மயிரைக் கவ்வி உள்ளே இழுத்தாள். "பேசாம குட்டிங்க பக்கத்துல படு. உன்னை அப்புறமா வச்சுக்கறேன்."

மழை இறங்கியது. குட்டிகளை நடுவில் விட்டு முயல்கள் நெருக்கிப் படுத்தார்கள். குரல் மறுபடி கேட்டது, இன்னும் கொஞ்சம் அருகில், அதே மரியாதையோடு. ஒருத்தியும் எழவில்லை. மேட்டின் அடிவாரத்தில் ஏதோ ஊர்வதுபோலச் சத்தம். மூக்காயி எட்டிப் பார்த்தாள். சிறுத்தை தண்ணீரில் கிடந்தது. மேடேறக் காலில் தெம்பில்லை. எவளாவது தானாக நடந்து வந்தால்தான் அதற்கு உயிர்.

"அம்மா," என்றது. பிறகு மழைச் சத்தம்தான்.

நம் கஷ்டத்தைக் காட்டி நம் உடம்பையே கேட்பவர் கொடுத்த காயத்தை நாம் வெட்கப்பட்டு மறைத்தால், அது அடுத்தவள் உடம்பிலும் விழும்.